ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!

என் பையனுக்கு ஏழு வயசு. பிறந்த ரெண்டாம் நாளே முதுகுத்தண்டில் ஆபரேஷன். இன்றுவரை இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. மாகறலீஸ்வரரைக் கும்பிட்டால் எலும்பு நோய் தீரும் என்று எங்கெங்கிருந்தோ எங்கள் ஊருக்கு வருகிறார்கள். நான் இவனைத் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கினால், "எந்தச் சாமிக்குக் குறை வெச்சியோ" என்கிறார்கள்.

சாமி குற்றமில்லை. மாத்திரை. வலிப்புக்காக 15 வயசிலிருந்து காலையும் ராத்திரியும் நான் விழுங்கிய வால்ப்ரோயேட்.

வலிப்பு நின்றது, இல்லையென்று சொல்லவில்லை. முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது, உடம்பு ஊதியது, பொறுத்துக்கொண்டேன். வலிப்பு இருந்தால் கல்யாணத்தையே செல்லாததாக்கலாம் என்று 1999 வரை சட்டமே சொன்ன நாடு இது. அந்தப் பயத்தில் மாமியார் வீட்டில் மாத்திரையை அரிசி டின்னுக்குள் புதைத்து வைத்து விழுங்கினேன். கல்யாணப் பத்திரிகையை டாக்டர் மேசையில் வைத்தபோதும் "நல்லா இரும்மா" என்று அதே மாத்திரையை மூன்று மாதத்துக்கு எழுதிக் கொடுத்தார். மருந்துக்கடையில் அட்டையைக் கத்தரியால் வெட்டி, காகித உறையில் போட்டுத் தருவார்கள். எச்சரிக்கைத் தாள் ஒன்று உண்டு என்பதே எனக்குத் தெரியாது.

கர்ப்பத்தில் வால்ப்ரோயேட் சாப்பிட்டால் 100 பிள்ளைகளில் சுமார் 10 பிள்ளைகள் உடல் குறையோடு பிறக்கின்றன. 30, 40 பிள்ளைகளுக்குப் பேச்சும் படிப்பும் தடுமாறுகின்றன. பிள்ளையின் முதுகுத்தண்டு மூடுவதோ கரு தரித்த நாலே வாரத்தில். நாள் தள்ளிப்போச்சு என்று நான் வெட்கத்தோடு வீட்டுக்காரரிடம் சொன்னபோது எல்லாம் முடிந்திருந்ததய்யா!

இது யாருக்கும் தெரியாத ரகசியமா? வலிப்புள்ள கர்ப்பிணிகளுக்கென்றே திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரா நிறுவனம் 1998இலிருந்து பதிவேடு வைத்திருக்கிறது. பிரான்சில் மரீன் மார்த்தான் என்ற தாய், தன் பிள்ளைகள் இரண்டு பேரும் பாதிக்கப்பட்டதால் 2011இல் சங்கம் தொடங்கிப் போராடினார். பிரிட்டனில் 2018இலிருந்து, இந்த மாத்திரை சாப்பிடும் பெண்ணை வருஷா வருஷம் உட்காரவைத்து ஆபத்தைச் சொல்லிக் கையெழுத்து வாங்க வேண்டும். எங்களுக்கு மட்டும் காது இல்லையா?

மாத்திரையை நிறுத்துங்கள் என்று நான் சொல்லவில்லை. திடீரென்று நிறுத்தினால் வலிப்பு விடாமல் வந்து உயிரே போகலாம். எனக்கு இப்போது வேறு மாத்திரை. அதையும் தவறாமல் சாப்பிடுகிறேன். அந்த மாற்று மருந்தைக் கல்யாணத்துக்கு முன்னாலேயே கொடுத்துப் பார்த்திருக்கலாமே! ஃபோலிக் அமில மாத்திரை சாப்பிடச் சொல்லியிருக்கலாமே!

எங்கள் பக்கம் உத்திரமேரூரில் ஏதோவொரு மருந்துக்கடை வாசலில் இன்றைக்கும் ஒரு சின்னப் பெண் இதே மாத்திரைச் சீட்டோடு நிற்பாள். அவளிடமாவது சொல்லுங்கள். தமிழில் சொல்லுங்கள்.