சுத்திகரித்த கழிவுநீரும் கமக்காரர் கடமையும்

நகரக் கழிவுநீரைச் சுத்திகரித்துப் பயிருக்குப் பாய்ச்சும் வழக்கம் பல நாடுகளில் உண்டு. அந்நீரில் நைதரசனும் பொசுபரசும் இருத்தலால் அதனை வீணாக்குவது நன்றன்று. ஆயினும், சுத்திகரித்த நீர் என்னும் பெயரை மாத்திரம் நம்பி அதனைக் கீரைப் பாத்தியில் தெளித்தல் தகாது என்பதே எமது கருத்து.

நீரின் தூய்மை பெரும்பாலும் குடற் பற்றீரியாக்களைக் கொண்டே அளக்கப்படுகின்றது. வைரசுகளோ அவற்றினும் மிகச் சிறியவை. அவற்றுட் பல குளோரீனையும் கூடுதலாகத் தாங்குவன. 1955ஆம் ஆண்டின் இறுதியில், டில்லி நகரின் குடிநீர் எடுக்குமிடத்திற் கழிவுநீர் கலந்தது. குளோரீன் கூட்டப்பட்டமையால் நெருப்புக்காய்ச்சல் பெருகவில்லை. ஆனால் ஏறக்குறைய 29,000 பேர் செங்கண்மாரியால் வருந்தினர். அதற்குக் காரணம் ஒரு வைரசே என்பது பின்னர்த் தெளிவாயிற்று.

சுத்திகரிப்பு முறைகள் யாவும் ஒரே பயனைத் தருவனவல்ல. கழிவுநீரைத் தேக்கி மண்டியை அடையவிடுவதால் வைரசுகள் சிறிதளவே குறையும். காற்றூட்டும் முறை நன்கு நடைபெறின் நூற்றுக்கு 90 முதல் 99 வரை நீங்கலாம். இது பெரிதெனத் தோன்றும். ஆனால் ஒரு லீற்றரில் 1,00,000 வைரசுகள் இருந்தால், 99 வீதம் நீங்கிய பின்னும் 1,000 எஞ்சும். நோய் உண்டாக்கச் சில வைரசுகளே போதும். தொடர்ச்சியான குளங்களிற் பல நாட்கள் நீரைத் தேக்கி வெயில்படச் செய்யும் முறை, வெப்ப நாடுகளுக்கு ஏற்றது, செலவும் குறைந்தது. எனினும் நீர் குறுக்கே விரைந்து ஓடிவிடின் அதன் பயன் கெடும்.

ஆகவே சுத்திகரிப்பு ஒரு வேலி மாத்திரமே. மற்றைய வேலிகளைக் கமக்காரரே அமைத்தல் வேண்டும். உலகச் சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட வழிகாட்டியும் இவ்வாறு பல தடைகளை வைக்குமாறே கூறுகின்றது.

சம்பலுக்குரிய வல்லாரை, சலாது முதலிய பச்சையாக உண்ணப்படுவனவற்றுக்கு இந்நீரை விலக்குக. பிற மரக்கறிகளுக்கு இலைமேற் படாதவாறு அடியிற் சொட்டாக விடுக. அறுவடைக்குச் சில நாட்களுக்கு முன்பே பாய்ச்சுதலை நிறுத்துக. வெயில் எஞ்சிய வைரசுகளை நாளுக்கு நாள் அழிக்கும். நெல் சமைத்து உண்ணப்படுவதால் உண்போருக்கு அச்சம் குறைவு. வயலில் இறங்குவோரோ சப்பாத்து அணிந்து, உணவுக்கு முன் சவர்க்காரமிட்டுக் கை கழுவுதல் அவசியம்.

சந்தையில் உமது கீரையை வாங்குபவர் அதற்குப் பாய்ச்சிய நீரைக் கண்டறியார். அவரது நம்பிக்கையைக் காப்பது உமது கடமையாகும்.