கேளாமல் கொடுக்கும் கைகள்

வாசிப்புக்கு: அப்போஸ்தலர் 6:1-6, 1 சாமுவேல் 2:18-19



நவம்பர் மாதம் பிறந்துவிட்டால், பழவேற்காட்டு ஏரிக்கரையில் ஊழியம் செய்கிற எங்களைப் போன்றோரின் தொலைபேசி ஓய்வதில்லை. அழைப்பவர்கள் பெரும்பாலும் நகரத்துச் சபைகளின் வாலிபர் ஐக்கியத்தாரும் பெண்கள் ஐக்கியத்தாருமே. “ஐயா, இந்த வருஷம் 200 சேலை சேர்ந்திருக்கிறது. ஏதாவது ஒரு குப்பத்தைப் பார்த்து டோக்கன் கொடுத்து வையுங்கள். சனிக்கிழமை காலையில் வந்து மதியத்துக்குள் திரும்பிவிடுவோம்” என்பார்கள். அன்பான குரல்கள்தாம், அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அந்தக் குரல்கள் எத்தனை குடும்பங்கள் என்று கேட்கும், வேன் உள்ளே வருமா என்று கேட்கும், மேடையும் ஒலிபெருக்கியும் உண்டா என்று கேட்கும். அந்த மக்களுக்கு என்ன பிடிக்கும் என்று மட்டும் கேட்பதில்லை.

இந்த வாரச் சிந்தனை சிலருக்குக் கசக்கலாம். ஆயினும் சொல்லியே ஆகவேண்டும். டிசம்பர் மாதத்தில் நாம் குப்பங்களில் செய்துவருவது விநியோகம். அதற்குப் பரிசு என்று பெயர் வைத்துக்கொண்டிருக்கிறோம். பரிசு என்றால் கொடுப்பவர் பெறுபவரை அறிந்திருக்க வேண்டும். குறைந்தபட்சம் அறிய முயன்றிருக்க வேண்டும். முகமறியாத 200 பேருக்கு ஒரே நிறத்தில் ஒரே விலையில் வாங்கி, வரிசையில் நிறுத்தி, நிழற்படத்துக்காக ஒரு நொடி பிடித்திருந்து விடுகிற பொருளில், வாங்குகிறவர் எங்கே இருக்கிறார்? ஜனவரியில் அந்த வீடுகளுக்குச் சென்று பாருங்கள். மூன்று சபைகளின் பெயர் அச்சிட்ட மூன்று பிளாஸ்டிக் வாளிகள் ஒன்றினுள் ஒன்றாக மூலையில் அடுக்கப்பட்டிருக்கும். வலதுகை செய்வதை இடதுகை அறியலாகாது என்று போதித்தவருடைய பிறந்தநாளின் பெயரால் நாம் கொடுத்த வாளியில், நம்முடைய பெயர் கொட்டை எழுத்தில்!

இது புதிய நோயன்று. 2004 டிசம்பர் 26 அன்று, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிறு ஆராதனை நேரத்தில் ஆழிப்பேரலை நம் கரையைத் தாக்கியது. அதைத் தொடர்ந்து நாடெங்கிலுமிருந்து வந்த உதவி பெரிது. அது காத்த உயிர்களும் பல. அவற்றைக் குறைத்துப் பேசுகிறவன் நன்றி கெட்டவன். எனினும் அதே நாட்களில் தமிழகக் கடற்கரைச் சாலைகளின் ஓரத்தில் மலைமலையாகக் குவிந்து கிடந்த பழந்துணிகளையும் மறந்துவிட முடியாது. வெக்கையில் உழைக்கும் மீனவருக்குக் கம்பளிச் சட்டைகள் வந்தன; சேலை உடுத்தும் பெண்களுக்குக் கால்சட்டைகள் வந்தன. எடுத்து உடுத்த ஆளின்றி அவை கிடந்தன. வீட்டையும் பிள்ளையையும் இழந்தவர்கள், பிறர் கழித்துப்போட்ட அழுக்குத் துணியைத் தொட மறுத்தபோது, அவர்களுக்குத் திமிர் என்று சொன்னவர்களும் உண்டு. படகுகளின் கதையும் அப்படித்தான். கண்ணாடியிழைப் படகு கொடுத்தால் நிழற்படத்தில் கம்பீரமாக இருக்கும். ஆகவே படகுகள் வந்தன, வந்துகொண்டே இருந்தன. பல இடங்களில் பேரலைக்கு முன் இருந்த எண்ணிக்கையையும் மிஞ்சின. தலைச்சுமையாக மீன் விற்ற பெண்களும், படகே இல்லாமல் கையால் இறால் தடவிப் பிழைக்கும் இருளர்களும் அந்தப் படகுக் கணக்கில் எங்கும் வரவில்லை. படகில்லாதவன் மீனவனா என்ற கேள்வியிலேயே அவர்களுடைய பெயர் விடுபட்டுப் போயிற்று.

இதே பழவேற்காட்டின் பழங்கதை ஒன்றை இங்கே நினைவூட்டுவது தகும். டச்சுக்காரர்கள் 1613இல் இங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டியது மீனுக்காக அன்று, துணிக்காக. மலுக்குத் தீவுகளில் ஜாதிக்காயும் கிராம்பும் வாங்க வேண்டுமானால், அங்குள்ளோர் விரும்பிக் கேட்டது சோழமண்டலக் கரையின் துணியையே. அதிலும் ஒரு சந்தைக்குச் சிவப்புப் பிடிக்கும், இன்னொன்றுக்குக் கட்டம் பிடிக்கும். நீளமும் கரையும் மாறினால் சரக்கு விலைபோகாது. ஆகவே எந்தத் தீவினர் எந்த நிறத்தை, எந்த அளவை விரும்புகிறார்கள் என்று விசாரித்து, அதற்கேற்ப இங்கே நெய்யவும் சாயமிடவும் செய்தார்கள். அவர்களை நான் புகழ வரவில்லை. அதே துறையிலிருந்து மனிதரை அடிமைகளாகவும் கப்பலேற்றியவர்கள் அவர்கள். இலாபத்தின் பொருட்டு, கடலுக்கு அப்பால் ஆயிரக்கணக்கான மைல் தொலைவில் வாழ்ந்த அந்நியரின் விருப்பத்தை அவர்களால் அறிய முடிந்தது. சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டரில் இருக்கிற சகோதரியின் விருப்பத்தை, அன்பின் பொருட்டு, நம்மால் அறிய முடியவில்லையாம்!

“ஏழைக்கு விருப்பமென்ன, தேவைதானே முக்கியம்?” என்று ஒருவர் கேட்கக்கூடும். இந்தச் சிந்தனைதான் வேர். நம் வீட்டுப் பிள்ளையின் பிறந்தநாளுக்குக் கடை கடையாக ஏறி இறங்குகிறோம். மூத்தவனுக்குக் கிரிக்கெட், இளையவளுக்கு வண்ணப்பெட்டி என்று அறிந்து வாங்குகிறோம். குப்பத்துப் பிள்ளை என்று வந்ததும் எல்லாருக்கும் ஒரே ஜியோமெட்ரி பாக்ஸ். தேவை நமக்குத் தெரியும், விருப்பம் அவர்களுக்கு இல்லை என்று நாமே தீர்ப்பு எழுதிவிடுகிறோம். பவுல் அப்போஸ்தலன் சிறையிலிருந்து தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் முடிவைப் படித்துப் பாருங்கள். குளிர்காலம் நெருங்குகிறது, துரோவாவில் விட்டுவந்த மேலங்கி வேண்டும் என்கிறார். அது தேவை. அதோடு நிற்கவில்லை. புத்தகங்களும் வேண்டும், விசேஷமாகத் தோற்சுருள்கள் வேண்டும் என்கிறார். சாவை எதிர்நோக்கியிருக்கும் கைதிக்கு எதற்கையா புத்தகம் என்று தீமோத்தேயு கேட்டிருப்பானோ?

இந்த ஏரியைச் சுற்றிலும் மனிதர்கள் எத்தனை விதம்! இடுப்பளவு நீரில் மணிக்கணக்காக நின்று சேற்றைத் தடவி இறாலைப் பறியில் போடும் இருளர் பெண்ணும், விடியுமுன் ஏலத்துக்கு ஓடி அன்னக்கூடையோடு பேருந்தேறும் மீன்காரப் பெண்ணும், பனையோலையில் பெட்டி முடையும் முஸ்லிம் பெண்ணும் ஒரே மாதிரியான சேலைக்காகவா காத்திருக்கிறார்கள்? கூடைக்காரப் பெண்மணி ஒருவரிடம் என்ன வேண்டும் என்று கேட்டபோது, பனிக்கட்டி கரையாத ஒரு பெட்டி வேண்டும், மாலையில் மீதமாகும் மீனை அடிமாட்டு விலைக்குத் தள்ள வேண்டியிராது என்றார். இரவில் வலைக்குப் போகிற முதியவர் தலையில் கட்டும் விளக்கைக் கேட்டார். இவையெல்லாம் தேவைகள் என்றே வைத்துக்கொள்வோம். குளிர்காலத்தில் ஏரிக்கு வரும் பூநாரைகளை நாளெல்லாம் பார்த்துக்கொண்டு நிற்கும் ஒரு சிறுவனையும் நான் அறிவேன். வந்தவை எத்தனை என்று நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறான். அவனுக்கு ஒரு தொலைநோக்கிக் கண்ணாடி கிடைத்தால்? அதைத் தேவை என்ற பட்டியலில் எந்தச் சபையும் சேர்க்காது. மீன் கேட்கும் பிள்ளைக்குத் தகப்பன் பாம்பைக் கொடுப்பானோ என்று நம் ஆண்டவர் வினவியபோது, பிள்ளை முதலில் வாய் திறந்து கேட்டது, தகப்பன் செவிகொடுத்தான் என்பதை நாம் கவனிப்பதில்லை. குருடனான பர்திமேயுவின் குறை ஊரறிந்தது. அவனிடமே ஆண்டவர் நின்று, அவன் விரும்புவது என்னவென்று விசாரித்தார்.

விசாரித்தல் என்ற சொல் அருமையானது. அப்போஸ்தலர் நடபடிகள் 6ஆம் அதிகாரத்தில், எருசலேம் சபையின் அன்றாடப் பங்கீட்டில் கிரேக்க மொழி பேசிய விதவைகள் விடுபட்டுப் போனார்கள் என்ற முறையீடு எழுகிறது. அந்தப் பங்கீட்டைக் குறிக்க நம் பழைய திருப்புதலில் வருகிற சொல் ‘விசாரணை’. கொடுப்பதும் கேட்டறிவதும் ஒரே சொல்லாய் நம் மொழியில் நிற்கின்றன; நாம் தாம் இரண்டையும் பிரித்துவிட்டோம். அப்போஸ்தலர் அந்த முறையீட்டுக்கு என்ன செய்தார்கள்? இன்னும் அதிகமாக அப்பம் வாங்கி அனுப்பவில்லை. ஏழு பேரைத் தெரிந்தெடுக்கச் செய்தார்கள். ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா என்ற ஏழும் கிரேக்கப் பெயர்கள். விடுபட்ட விதவைகளின் பேச்சும் வீடும் அறிந்தவர்கள் கையில் பொறுப்பு போயிற்று என்றே நான் வாசிக்கிறேன். நம் உதவிக் குழுக்களில் ஒரு மீன்காரப் பெண்மணியாவது உண்டா?

அன்னாளையும் பாருங்கள். சீலோவில் விட்டுவந்த மகனுக்கு ஆண்டுதோறும் ஒரு சிறு சட்டை தைத்து எடுத்துச் செல்கிறாள். வேதம் இதைப் போகிறபோக்கில் சொல்லிவிட்டுக் கடந்து போகிறது. நான் மட்டும் அந்த வசனத்தில் நின்றுவிடுவேன். சென்ற ஆண்டின் அளவு இவ்வாண்டு பொருந்தாது. வருஷத்துக்கு ஒருமுறை பார்க்கிற பிள்ளையின் தோளும் கையும் எவ்வளவு வளர்ந்திருக்கும் என்று, அவள் தன் வீட்டிலிருந்தே ஒவ்வொரு தையலிலும் கணித்திருக்க வேண்டும். அவள் கொண்டுபோனது ஒரே ஒரு சட்டைதான், 200 அன்று.

“எல்லாருக்கும் ஒன்றுபோல் கொடுக்காவிட்டால் சண்டை வரும், பாஸ்டர்” என்பது வழக்கமான மறுமொழி. இதை இந்த ஏரிக்கரையில் வந்தா சொல்வது? இங்கே தலைமுறை தலைமுறையாக ‘பாடு’ என்றொரு முறை இருக்கிறது. ஏரியில் இறால் நன்றாகப் படும் இடமும் உண்டு, படாத இடமும் உண்டு. ஆகவே இடங்களை முறைவைத்துச் சுழற்றிக்கொள்கிறார்கள். இன்று நல்ல இடத்தில் வலை கட்டியவர் நாளை அடுத்தவருக்கு விட்டுக்கொடுக்கிறார். பாட்டு உரிமை எல்லாச் சாதியாருக்கும் இல்லை என்பது அதன் குறை. அதைப்பற்றிப் பேச வேறொரு வாரம் வேண்டும். ஆனால் சமம் என்பது ஒரே அளவு அன்று என்பதை நம்மைவிட நன்கு அறிந்தவர்கள் இவர்கள். டோக்கன் வரிசையில் சண்டை வருவதற்குக் காரணம் பொருளின் வேறுபாடன்று. பெயர் சொல்லி அழைக்கப்படாத கூட்டத்தில் முண்டியடிப்பதைத் தவிர வேறு வழியில்லை.

கேட்கப்போனால் சங்கடமும் உண்டு. அதையும் மறைக்க விரும்பவில்லை. ஏரி கடலோடு சேரும் முகத்துவாரம் மணலால் தூர்ந்துபோகாமல் திறந்திருக்க வேண்டும் என்பதே இவர்கள் பல ஆண்டுகளாகக் கேட்டுவந்தது. முகத்துவாரம் அடைபட்டால் கடல்நீர் உள்ளே வராது, படகு வெளியே போகாது, இறால் படாது. “உங்களுக்கு என்ன வேண்டும்?” என்று நீங்கள் கேட்டால், இதையே முதலில் சொல்வார்கள். அதைப் பையில் போட்டுக் கொண்டுவர முடியாது. ஒருவேளை அதனால்தான் நாம் கேட்பதில்லை போலும். ஆனால் மனு எழுதவும், கையொப்பமிடவும், அதிகாரிகளின் கதவைத் தட்டவும் தெரிந்த படித்தவர்கள் உங்கள் சபைகளில் நிறைந்திருக்கிறார்கள்.

ஆகையால் இந்த டிசம்பரில் என் கையால் டோக்கன் வழங்குவதில்லை என்று தீர்மானித்திருக்கிறேன். மூன்று சபைகளுக்குச் சொல்லியும் விட்டேன். ஒரு சபையார் வேறு குப்பத்தைத் தேடிக்கொள்வதாகச் சொன்னார்கள்; கிடைக்கும். மற்ற இரண்டு சபைகளிலிருந்தும் நால்வர் நால்வராக, கையில் ஒன்றுமில்லாமல், ஒரு வாரநாளில் வந்து போக இசைந்திருக்கிறார்கள். ஏலம் முடிந்து பெண்கள் சற்றே உட்காருகிற நேரம் காலை பத்து மணி. தேநீர் அவர்கள் தருவார்கள். மறுக்காமல் வாங்கிக் குடியுங்கள். பேச்சு முதலில் மீன்விலையில் தொடங்கும். குறிப்பேட்டை உடனே வெளியே எடுக்க வேண்டாம்.

ஆண்டவருடைய சமாதானம் உங்களோடிருப்பதாக.