குளிரறையில் ஓடினால் போதுமா?

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் கோலாலம்பூர்ச் சாலைகளில் ஓட்டக்காரர்களைக் காண்பது இன்று வழக்கமாகிவிட்டது. பத்துக் கிலோமீட்டர் ஓட்டம், அரை மாரத்தான், 42.195 கிலோமீட்டர் முழு மாரத்தான் எனக் கிள்ளான் பள்ளத்தாக்கில் நெடுந்தொலைவு ஓட்டப் போட்டிகள் பெருகி வருகின்றன. மாணவர்களும் இவற்றில் ஆர்வத்தோடு பங்கேற்கின்றனர். இது வரவேற்கத்தக்க மாற்றமே. ஆயினும், சிலர் முழுப் பயிற்சியையும் குளிரூட்டப்பட்ட உடற்பயிற்சிக் கூடத்தில், டிரெட்மில் எனப்படும் ஓட்டப் பயிற்சி இயந்திரத்தின் மீதே முடித்துக்கொள்கின்றனர். டிரெட்மில் நெடுந்தொலைவு ஓட்டக்காரருக்கு நல்ல துணை. ஆனால், அது சாலைக்கு மாற்றாகாது என்பதே என் கருத்து.

டிரெட்மில்லின் பயனை யாரும் மறுக்க முடியாது. மாலையில் இடியுடன் கூடிய கனமழை பெய்யும்போது வெளியே ஓடுவது ஆபத்து. புகைமூட்டம் அதைவிடக் கொடியது. 2015ஆம் ஆண்டு அக்டோபர் 4ஆம் நாள் நடைபெறவிருந்த கோலாலம்பூர் மாரத்தான் புகைமூட்டத்தால் கைவிடப்பட்டது. காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100ஐத் தாண்டிவிட்டால் அந்தக் காற்று உடல்நலத்திற்குக் கேடானது. அத்தகைய நாளில் வெளியே ஓடுவது வீரம் அன்று, அறியாமை. பாதுகாப்பையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். விளக்கில்லாத சாலையில் விடியுமுன் மகளைத் தனியே அனுப்பப் பெற்றோர் தயங்குவது நியாயமே. அடுக்குமாடிக் குடியிருப்பின் உடற்பயிற்சி அறையில் டிரெட்மில் இருந்தால், அந்தப் பெண்ணின் பயிற்சி தடைபடாது.

டிரெட்மில்லை நம்பி வென்றவர்களும் உள்ளனர். அமெரிக்காவின் அலாஸ்கா மாநிலத்தைச் சேர்ந்த மருத்துவர் கிறிஸ்டின் கிளார்க் அவர்களுள் ஒருவர். பனி உறைந்த குளிர்காலத்தில் அவர் தம் பயிற்சியின் பெரும்பகுதியை வீட்டினுள் டிரெட்மில்லிலேயே மேற்கொண்டார். 2000ஆம் ஆண்டு பிப்ரவரியில் தென் கரோலினா மாநிலத்தில் நடந்த ஒலிம்பிக் தேர்வு மாரத்தானில், வெப்பம் மிகுந்த ஒரு நாளில், பலரும் எதிர்பாராத வகையில் முதலிடம் பெற்றார். அதன்வழி சிட்னி ஒலிம்பிக்கில் ஓடும் தகுதியையும் அடைந்தார்.

இதைக் கேட்டதும், “அவரால் முடிந்தது நம்மால் முடியாதா?” என்று சிலர் கேட்கலாம். இங்குதான் நாம் சற்றுச் சிந்திக்க வேண்டும். அலாஸ்காவில் வெளியே உறைபனி, அறைக்குள்தான் கதகதப்பு. நம் நாட்டிலோ நிலைமை நேர்மாறானது. வெளியே வெப்பமும் ஈரப்பதமும், அறைக்குள் குளிர். கிளார்க்கை டிரெட்மில் குளிரிலிருந்து காத்தது. நம்மையோ அது போட்டி நாளன்று எதிர்கொள்ள வேண்டிய வெப்பத்திலிருந்தே பிரித்துவைக்கிறது.

வெப்பத்தைத் தாங்கும் ஆற்றல் பழக்கத்தால் வருவது. ஒன்று முதல் இரண்டு வாரங்கள் வெப்பத்தில் படிப்படியாகப் பயிற்சி செய்தால், உடல் விரைவாக வியர்க்கத் தொடங்கும். இரத்தத்தின் நீர்ப்பகுதி கூடும். அதே வேகத்தில் ஓடும்போது இதயத் துடிப்பு முன்பைவிடக் குறையும். ஈரப்பதம் மிகுந்த நம் காற்றில் வியர்வை எளிதில் உலர்வதில்லை. ஆகவே, இந்தப் பழக்கம் நமக்கு மிகவும் இன்றியமையாதது. இதைக் குளிரறை தராது.

இதை நான் பட்டுத்தான் உணர்ந்தேன். என் முதல் அரை மாரத்தானுக்காக பிரிக்பீல்ட்ஸில் நான் குடியிருந்த அடுக்குமாடியின் டிரெட்மில்லில் மூன்று மாதங்கள் ஓடினேன். திரையில் தெரிந்த எண்கள் எனக்கு நம்பிக்கை ஊட்டின. போட்டியன்று பதினான்காவது கிலோமீட்டரில் தலை சுற்றியது, கால்கள் தளர்ந்தன. மீதித் தொலைவை நடந்தே முடித்தேன். ‘ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது’ என்ற பழமொழியின் பொருள் அன்று விளங்கியது.

வேறு குறைகளும் உள்ளன. டிரெட்மில்லில் நாம் நின்ற இடத்திலேயே ஓடுவதால் எதிர்க்காற்று இல்லை. அதனை ஈடுசெய்யப் பட்டையை ஒரு விழுக்காடு சரிவாக உயர்த்தி ஓடுவது வழக்கம். ஆனால், மேடு பள்ளங்களையும் வளைவுகளையும் இறக்கங்களில் முழங்காலுக்கு ஏற்படும் அழுத்தத்தையும் அப்படி ஈடுசெய்ய முடியாது. இயந்திரமே வேகத்தைக் கட்டுப்படுத்துவதால், தன் வேகத்தைத் தானே அளந்து ஓடும் திறனும் வளர்வதில்லை.

1998ஆம் ஆண்டு கோலாலம்பூரில் நடைபெற்ற காமன்வெல்த் விளையாட்டுப் போட்டியில் ஜி. சரவணன் 50 கிலோமீட்டர் நெடுநடையில் தங்கம் வென்றார். நான்கு மணி நேரத்திற்கும் மேல் நீடித்த போட்டி அது. நம் மண்ணின் வெப்பத்திற்குப் பழகிய உடல் அன்று அவருக்குத் துணை நின்றிருக்கும் என்றே நான் எண்ணுகிறேன். வெப்பம் நமக்குப் பகையன்று. பழகிக்கொண்டால் அதுவே நம் பலம்.

ஆகவே, மழை, புகைமூட்டம், பாதுகாப்பின்மை ஆகிய காரணங்களால் வெளியே செல்ல முடியாதபோது டிரெட்மில்லைப் பயன்படுத்துவோம். வாரத்தில் ஒருமுறை மேற்கொள்ளும் நீண்ட ஓட்டத்தையாவது காலை வேளையில் வெளியே ஓடுவோம். பெர்டானா தாவரவியல் பூங்கா, தித்திவங்சா ஏரிப் பூங்கா, கிள்ளான் தாமான் ரக்யாட் போன்ற இடங்களில் ஓடுவதற்கு உறுப்பினர் கட்டணம் தேவையில்லை. தனியே செல்லாமல் நண்பர்களுடனோ பெற்றோருடனோ செல்லலாம். போதிய நீர் அருந்த வேண்டும். தலைசுற்றல், குமட்டல் ஏற்பட்டால் உடனே ஓட்டத்தை நிறுத்திவிட வேண்டும்.

போட்டி நடக்கப்போவது சாலையில். அதற்கான பயிற்சியின் முதன்மைப் பகுதியும் சாலையிலேயே அமைவதுதான் முறை.