ஜோன்சன் வீட்டு மேன்மாடி

இலண்டன் சென்று மீள்வோரிடம் கண்டவை எவை என வினவின், அரண்மனையையும் பாலத்தையும் கூறுவர். சொல்லோடு வாழ்வோர் காண வேண்டிய வீடு ஒன்றும் அங்குண்டு. பிளீற் வீதியின் சந்தடி நீங்கி, ஒடுங்கிய சந்துகளினூடே சிறிது நடந்தால் கொஃப் சதுக்கம் எதிர்ப்படும். அங்குள்ள 17ஆம் இலக்க வீட்டிலே, 1748 முதல் 1759 வரை சாமுவேல் ஜோன்சன் குடியிருந்தார். 1911இல் சிசில் ஹாம்ஸ்வேர்த் என்பார் இதனை வாங்கிப் பேணியமையால் இன்று நாம் உள்ளே சென்று காண முடிகின்றது.

கீழ் அறைகளிலுள்ள படங்களையும் தளபாடங்களையும் பார்த்ததும் பலர் திரும்பிவிடுவர். கால் வலித்தாலும் மேன்மாடிக்கு ஏறுதல் வேண்டும். 1755இல் வெளிவந்த ஆங்கில அகராதி உருவானது அங்கேதான். இரண்டாம் உலகப் போரில் குண்டுத் தீக்கு இரையாகிப் பின்னர் புதுக்கப்பெற்ற அறை அது, வெறுமையாகவே தோன்றும். அங்கே ஆறு எழுத்தர் இருந்து பணி செய்தனர். ஜோன்சன் நூல்களைப் படித்துச் சொற்களின் கீழே கோடிடுவார்; மேற்கோள்களை அவர்கள் துண்டுத் தாள்களிற் பெயர்த்தெழுதுவர். புத்தக வணிகர் பேசிய 1,500 கினியிலிருந்தே அவர்களுக்கும் கூலி கொடுக்கவேண்டியிருந்தது. இவ்வீட்டில் வாழ்ந்த காலத்திலேயே, 1752இல், மனைவியை இழந்தார் ஜோன்சன். அகராதி வெளிவந்த மறு ஆண்டில், ஆறு பவுணுக்கும் குறைந்த கடனுக்காகக் கைதானார். நாவலாசிரியர் ரிச்சட்சன் பணம் அனுப்பியே மீட்டார். புகழ் வந்த பின்னும் வறுமை போகவில்லை.

அந்த அறுவரோ? ஷீல்ஸ் என்பவர் நூலை அச்சிற் காணாமலே 1753இல் இறந்தார். பெய்ற்றன் என்பவர் வறுமையில் மாள, அவரையும் மனைவியையும் அடக்கஞ் செய்யும் செலவை ஜோன்சனே ஏற்றார். தலைப்பேட்டில் அவ்வெழுத்தர் எவரின் பெயரும் இல்லை.

அந்த மேன்மாடியில் நின்றபோது எமக்கு நினைவில் வந்தது, நாம் நாள்தோறும் புரட்டும் வின்சுலோ அகராதியே. 1862இல் சென்னையில் வெளிவந்ததாயினும், வின்சுலோ உடுவிலில் வாழ்ந்தவர்; நல்லூரிலிருந்த நைற் பாதிரியார் தொகுத்தவையும் அதனுட் சேர்ந்துள்ளன. அதன் தலைப்பேடு, தகுதிவாய்ந்த சுதேச அறிஞர் துணைபுரிந்தனர் என்று கூறும். அவ்வறிஞர் ஒருவரின் பெயரையேனும் கூறாது. ஜோன்சனின் எழுத்தர் பெயர்களைப் பிற்காலத்தார் தேடி நிலைநிறுத்திவிட்டனர். நம் பண்டிதர்களின் பெயர்களை முகவுரைகளிலும் பழைய கடிதங்களிலும் துருவித் தேடி எழுதியனுப்பும் மாணவர்க்கு இப்பக்கத்தில் என்றும் இடமுண்டு.