கிரைண்டரில் அந்த இரண்டாவது கைப்பிடி வேணுமா?

பாகலூர், ஓசூர் பக்கம் வெல்டிங் பட்டறையில் வேலை பார்க்கிறவங்களுக்குத்தான் இந்தத் த்ரெட்.

ஆங்கிள் கிரைண்டர் வாங்கும்போது கூடவே ஒரு சைடு ஹேண்டில் வரும். பல பட்டறையில அது பெட்டியிலயே கிடக்கும். "இடிக்குது டாக்டர், ஒத்தைக் கையிலயே பழகிடுச்சு" என்பார்கள். அடுத்த கையில் நான் தையல் போட்டுக்கொண்டிருப்பேன்.

4 இன்ச் கிரைண்டர் நிமிடத்துக்குச் சுமார் 11,000 சுற்று சுத்தும். வீலோட விளிம்பு வேகம் மணிக்கு 200 கிலோமீட்டர் வரும். வெட்டுற இடத்துல வீல் சிக்குனா மிஷின் எகிறி உங்க பக்கமே திரும்பும். எவ்வளவு பழகின கையா இருந்தாலும் ஒத்தைப் பிடி அப்போ நிக்காது. ஹேண்டில் இருந்தா அந்த முறுக்கை ரெண்டு கையும் தாங்கும். அதைவிட முக்கியம், இடது கை வீல் பக்கம் போகாது.

இடிக்குதா? கழட்டி மறுபக்கம் மாட்டுங்க, அதுக்கும் ஓட்டை இருக்கு. வெட்டுற பொருளைக் கையில பிடிக்காம வைஸில் கட்டுங்க. கார்டைக் கழட்டிட்டுப் பெரிய வீல் மாட்டுறவங்களைத் தனியாத் திட்டணும்.

முதலாளிகளே, ஹேண்டில் தொலைஞ்சிருந்தா இன்னிக்கே வாங்கிக் குடுங்க.

விரல் துண்டாயிட்டா ஐஸுக்குள்ள நேரா போடாதீங்க. சுத்தமான ஈரத்துணியில சுத்தி, கவர்ல போட்டுக் கட்டி, அந்தக் கவரை ஐஸ் மேல வச்சு, ஆளோட சேர்த்துக் கொண்டு வாங்க.