ஆம்ப் கணக்கும் தலை பாரமும்

பிளானர் ஹெட்போன் வாங்கப் போகிறவர் கடையில் முதலில் கேட்பது, "இது எத்தனை ஓம்?" என்றுதான். கடைக்காரரும் அந்த மின்தடைக் கணக்கை ஓமில் சொல்லிவிட்டு, கூடவே ஓர் ஆம்ப்ளிஃபயரையும் தலையில் கட்டிவிடுவார். ஹெட்போனுக்கு ஆன விலை ஆம்புக்கும் ஆகிவிடும். வீட்டுக்கு வந்து ஒரு மணி நேரம் மாட்டியிருந்தால் உச்சந்தலை வலிக்கிறது, காதுமடல் வேர்க்கிறது, தாடை இறுகுகிறது. சில வாரங்களில் அந்தப் பெட்டி பரணுக்குப் போய்விடுகிறது. ஆம்ப் விஷயத்தில் தேவைக்கு மேல் பணத்தைக் கொட்டுகிறோம். மணிக்கணக்கில் தலையில் இருக்கப்போகும் பாரத்தைப் பற்றி மட்டும் ஒரு கேள்விகூடக் கேட்பதில்லை. இந்தப் பழக்கம் மாற வேண்டும். வடசென்னையில் எண்ணூர், அத்திப்பட்டு, திருவொற்றியூர் பக்கம் இருப்பவர்களுக்கு இதைச் சொல்ல இன்னும் சில காரணங்கள் உண்டு.

சாதாரண ஹெட்போனுக்குள் இருப்பது ஒலிபெருக்கியின் சின்ன வடிவம்: ஒரு கூம்பு, அதன் பின்னால் ஒரு கம்பிச் சுருள். பிளானரில் கூம்பு கிடையாது. முடியைவிட மெல்லிய பிளாஸ்டிக் படலம் ஒன்றின் மேல் உலோகத் தடம் படிந்திருக்கும். அதை ஒட்டி வரிசையாகக் காந்தங்கள். மின்சாரம் ஓடினால் படலம் முழுவதும் ஒன்றாக அசைகிறது. இது புதிய சரக்கல்ல. யமஹா 1976-ல் எச்பி-1 என்ற மாடலை வெளியிட்டது. அதற்கு வடிவம் கொடுத்தவர் இத்தாலிய வடிவமைப்பாளர் மாரியோ பெல்லினி. ஃபாஸ்டெக்ஸின் டி50 வரிசையும் அந்தப் பத்தாண்டில் பிறந்து இன்றுவரை விற்கிறது. நடுவில் இந்தத் தொழில்நுட்பம் அடங்கிக் கிடந்தது. கலிஃபோர்னியாவின் ஆடிஸியும், ஃபாங் பியான் தொடங்கிய ஹைஃபைமேனும் 2010-ஐ ஒட்டி அதற்கு மறுபிறப்புக் கொடுத்தன. ஆடிஸியை 2023-ல் சோனியின் பிளேஸ்டேஷன் பிரிவு வாங்கியது. ஒரு காலத்தில் லட்சங்களில் பேசப்பட்ட பொருள், சென்னையிலிருந்தே இயங்கும் ஹெட்போன் ஜோன் போன்ற இணையக் கடைகள் வந்த பிறகு, மாதச் சம்பளக்காரரும் ஆசைப்படலாம் என்ற விலைக்கு இறங்கியிருக்கிறது.

ஆசைப்படுவதில் தவறே இல்லை. வடசென்னையின் இசைக்கு அடிநாதம் ரொம்ப முக்கியம். தியாகராஜர் திருவொற்றியூர் திரிபுரசுந்தரி மேல் பாடிய ஐந்து கிருதிகளில் சுத்த சாவேரியில் அமைந்த 'தாரினி தெலுசுகொண்டி'யை நல்ல பதிவில் கேட்டால், பிளானரில் தம்புராவின் ஓட்டமும் மிருதங்கத்தின் தொப்பிப் பக்கக் கும்கியும் ஒன்றையொன்று மறைக்காமல் தனித்தனியே நிற்கும். ராயபுரத்துக் கானாவின் டோலக்கும் அப்படித்தான். 2018 ஜனவரியில் முதல் மேடை ஏறிய 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவின் பாடல்களில் பறையும் சட்டியும் பேஸ் கிட்டாரும் ஒரே நேரத்தில் அடிக்கும்போது, மலிவான இயர்போன் எல்லாவற்றையும் ஒரே இரைச்சலாகக் குழப்பிவிடும். நல்ல பிளானர் குழப்பாது. இந்தச் சுகம் உண்மையானது. அதற்குக் கொடுக்கும் பணமும் நியாயமானதே.

ஆனால் ஓம் என்ற எண்ணை மட்டும் வைத்து ஆம்ப் தேர்வு செய்யவே முடியாது. சென்ஹைசரின் எச்டி 600 என்ற புகழ்பெற்ற சாதாரண ஹெட்போன் 300 ஓம். ஹைஃபைமேன் 2010-ல் கொண்டுவந்த எச்இ-6 என்ற பிளானர் வெறும் 50 ஓம். ஓமை வைத்துப் பார்த்தால் எச்இ-6 சுலபமாக இயங்க வேண்டும். நடந்தது நேர்மாறு. உலகிலேயே முரட்டுத்தனமான ஆம்ப் கேட்கும் ஹெட்போன் என்று பெயர் வாங்கியது அது. பலர் ஹெட்போன் ஆம்பை விட்டுவிட்டு, ஸ்பீக்கர் ஆம்பில் நேரடியாகக் கம்பி இழுத்துக் கேட்டார்கள். காரணம் அதன் உணர்திறன். ஒரு மில்லிவாட் கொடுத்தால் 83.5 டெசிபல் மட்டுமே தரும். அதே ஒரு மில்லிவாட்டுக்கு ஆடிஸியின் எல்சிடி-எக்ஸ், 20 ஓம்தான், 103 டெசிபல் தருகிறது.

பார்க்க வேண்டிய எண் இதுதான். கணக்கும் கடினமில்லை. சக்தி பத்து மடங்கு ஏறினால் 10 டெசிபல் கூடும். இரண்டு மடங்கு ஏறினால் 3 டெசிபல். பாட்டின் உச்சத்தில் 110 டெசிபல் வரை தாங்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் கேட்பவருக்கு அது தாராளத்திலும் தாராளம். எல்சிடி-எக்ஸுக்கு 5 மில்லிவாட் போதும். 37 ஓம், 94 டெசிபல் உள்ள ஹைஃபைமேன் சுந்தராவுக்கு 40 மில்லிவாட், அதாவது ஏறத்தாழ 1.2 வோல்ட். எச்இ-6 கேட்பதோ 450 மில்லிவாட், கிட்டத்தட்ட 4.7 வோல்ட்டும் 95 மில்லியாம்பியரும். மூன்றும் பிளானர், மூன்றுக்கும் ஓம் குறைவு, தேவையோ தொண்ணூறு மடங்கு வித்தியாசம்! ஒரு வோல்ட் தரும் சாதாரண யுஎஸ்பி டாங்கிள் சுந்தராவை 108 டெசிபல் வரை கொண்டுபோய்விடும். பாட்டைச் சராசரி 75 டெசிபலில் கேட்பவருக்கு, உச்சம் 20 டெசிபல் எகிறினாலும் 95-தான். அப்படியானால் சுந்தரா வாங்குகிறவரிடம் இரண்டு வாட் ஆம்பைக் கட்டாயம் என்று விற்பது சரியா? சரியல்ல. ஒரு வாட்டுக்குப் பதில் இரண்டு வாட் வாங்கினால் கூடப் போவது அந்த 3 டெசிபல்தான்.

இதில் ஒரு கண்ணியும் இருக்கிறது. சில கம்பெனிகள் உணர்திறனை மில்லிவாட்டுக்கு எழுதுகின்றன, சில வோல்ட்டுக்கு எழுதுகின்றன. 32 ஓம் ஹெட்போனில் ஒரு வோல்ட் என்பது 31 மில்லிவாட். ஆக, வோல்ட்டுக்கு எழுதிய எண் 15 டெசிபல் கூடுதலாகத் தெரியும். பெட்டியில் இரண்டில் எது என்று போடாமல் வெறும் டெசிபல் மட்டும் அச்சடிப்பது வாங்குகிறவரைத் திசைதிருப்பும் வேலை.

ஆம்பின் வெளியீட்டு மின்தடை பற்றி நிறையப் பேர் பயமுறுத்துவார்கள். பிளானருக்கு அந்தப் பயம் குறைவு. சாதாரண ஹெட்போனின் மின்தடை சுருதிக்குச் சுருதி மாறும். பிளானரில் அது ஏறக்குறைய ஒரே கோடு. அதனால் ஆம்ப் மாறினால் பிளானரின் தொனி பெரிதாகக் கெடாது. டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத வால்வு ஆம்பைக் கோத்தால் மட்டும் சக்தியில் பெரும்பங்கு ஆம்புக்குள்ளேயே வீணாகும்.

எச்இ-6 போன்ற முரடுகளை வைத்திருப்பவர்களுக்கும் நம்மூரில் வழி உண்டு. அண்ணா சாலைக்குப் பின்னால் ரிச்சி தெருவில் டிடிஏ 2030, எல்எம் 3886 ஐசிகளை வைத்து ஆம்ப் போர்டு அசெம்பிள் செய்யும் கைப்பழக்கம் பல பத்தாண்டுகளாக இருக்கிறது. கல்யாண வீட்டு செட்டிலிருந்து டீக்கடை ஸ்பீக்கர் வரை அந்தக் கைகளின் வேலைதான். ஹெட்போனுக்கு அப்படி ஒரு போர்டைக் கேட்பதில் வெட்கமில்லை; கேட்கும் முன் மூன்று விஷயம் தெரிந்திருக்க வேண்டும். முதலாவது உயிர்நாடி. டிபிஏ 3116 போன்ற கிளாஸ்-டி போர்டுகள் பிரிட்ஜ் முறையில் ஓடுகின்றன. அவற்றில் இடது, வலது இரண்டின் மைனஸ் கம்பிகளும் ஒன்றோடொன்று சேரக்கூடாது. மூன்று முனை கொண்ட வழக்கமான ஹெட்போன் பின் அவற்றைச் சேர்த்துவிடும், போர்டு புகையும். ஹெட்போனின் இரு காதுக்கும் நான்கு தனிக் கம்பி இருந்தால் மட்டுமே அந்தப் போர்டில் கை வைக்கலாம். அடுத்தது, சுவிட்சைப் போட்டதும் வரும் 'டப்'. ஸ்பீக்கர் அதைத் தாங்கும், மெல்லிய படலம் தாங்காமல் போகலாம். ஆம்பை ஆன் செய்து சத்தம் அடங்கிய பிறகுதான் ஹெட்போனைச் செருக வேண்டும். டிசி காப்பு ரிலே வைத்த போர்டென்றால் நல்லது. மூன்றாவது இரைச்சல். ஸ்பீக்கர் ஆம்பின் பெருக்கம் ஹெட்போனுக்கு மிக அதிகம். உணர்திறன் கூடிய பிளானரை அதில் மாட்டினால் பாட்டுக்கு முன்னால் 'ஸ்ஸ்' என்ற சீறலும், எர்த் சரியில்லாத வீட்டில் ஹம்மும்தான் கேட்கும்.

ஆம்ப் பிரச்சினை இவ்வளவுதான். கணக்குப் போட்டால் தீர்ந்துவிடும். தலை பாரம் அப்படித் தீருவதில்லை, அதைப் பற்றித்தான் நம் கடைகளில் பேச்சே கிடையாது.

பிளானரின் எடை அதன் காந்தங்களிலிருந்து வருகிறது. எச்டி 600 சுமார் 260 கிராம். சுந்தரா 372. எச்இ-6 ஐந்நூறைத் தொடும். எல்சிடி-எக்ஸ் 612 கிராம். அரைக் கிலோவுக்கும் மேலான பாரத்தைக் கழுத்து சுமக்க வேண்டும். எடையைவிட, அது எங்கே இறங்குகிறது என்பதே வலியைத் தீர்மானிக்கிறது. வளைவான மொத்தைப் பட்டி உச்சந்தலையில் ஒரே புள்ளியில் அழுத்தும். அதற்குக் கீழே தொட்டில்போல் தொங்கும் மெல்லிய தோல் வார் இருந்தால் பாரம் தலை முழுக்கப் பரவும். கனத்த மாடல்களில் ஆடிஸி அந்த வாருக்கு மாறியதும் இதனால்தான். வார் இல்லாத மாடலுக்குத் தனியாக வாங்கிப் பொருத்தலாம். நம் செருப்புத் தைக்கும் தொழிலாளியே மென்தோலில் அளவெடுத்துத் தைத்துக் கொடுத்துவிடுவார். கூடவே வரும் கனத்த செப்புக் கேபிளை எடுத்துவிட்டு லேசான கேபிள் போட்டால் காதை ஒரு பக்கம் இழுக்கும் தொல்லை போகும்.

இறுக்கமும் சரியாக இருக்க வேண்டும். ரொம்ப இறுகினால் தாடை வலி, ரொம்பத் தளர்ந்தால் முழு எடையும் உச்சிக்குப் போய்விடும். எஃகுப் பட்டி உள்ள மாடலைத் தலை அகலத்துக்குப் புத்தக அடுக்கின் மேல் ஓரிரவு விரித்து வைத்தால் மெல்லத் தளரும். பிளாஸ்டிக் பட்டியில் இதைச் செய்தால் விரிசல்தான் மிஞ்சும். காது வைக்கும் கிண்ணம் பக்கவாட்டில் திரும்பாத மாடல்கள் சில உண்டு. அவை எல்லார் முகத்துக்கும் உட்காராது. கண்ணாடி போடுகிறவர் கட்டாயம் கண்ணாடியோடுதான் போட்டுப் பார்க்க வேண்டும். கண்ணாடிக் காம்பு காதுப் பேடுக்கும் தலைக்கும் நடுவே சந்து விட்டால் பேஸ் ஒழுகிப் போகும். அதைக் கேட்டு "ஆம்ப் பத்தவில்லை" என்று நினைத்து இன்னொரு ஆம்ப் வாங்கியவர்கள் கொஞ்சநஞ்சமல்ல. ஒழுகுவதை எந்த வாட்டாலும் அடைக்க முடியாது.

பேடு விஷயத்தில் கடற்கரை ஊர்க்காரர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். குளிர்நாட்டுக்காரர் ரசிக்கும் செயற்கைத் தோல் பேடு, சித்திரை மாதத்து எண்ணூர்ப் புழுக்கத்தில் காதைச் சுற்றி வியர்வையைத் தேக்கும். வியர்வையும் ஈரக்காற்றும் சேர்ந்து அந்தத் தோலைக் கருப்புச் செதிலாக உரித்துவிடும். வெல்வெட் போன்ற துணிப் பேடு, அல்லது தோலைத் தொடும் பக்கம் மட்டும் துணி வைத்த கலப்புப் பேடு இங்கே பொருத்தம். பேடு மாறினால் காதுக்கும் படலத்துக்கும் உள்ள தூரமும் காற்றடைப்பும் மாறும், ஒலியும் மாறும். துணிக்குப் போனால் பேஸ் கொஞ்சம் குறையலாம். அந்தக் குறையை ஃபோனிலுள்ள ஈக்வலைசரால் சரிசெய்துகொள்ளலாம். வேர்த்த காதை எதனாலும் சரிசெய்ய முடியாது.

இனி, அத்திப்பட்டுக்காரரின் காது. நல்ல பிளானர்களில் பெரும்பாலானவை பின்பக்கம் திறந்தவை. வெளிச் சத்தம் தடையில்லாமல் உள்ளே வரும். அனல்மின் நிலையம், காமராஜர் துறைமுகம், காட்டுப்பள்ளித் துறைமுகம், இவற்றுக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள், கும்மிடிப்பூண்டி மார்க்கத்தில் ஓடும் சரக்கு ரயில்கள். 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்கு இரவில் 45 டெசிபல் என்கின்றன, தொழிற்பகுதிக்கு 70. இரண்டும் ஒரே தெருவில் கலந்து கிடக்கும் ஊர் இது. லாரி போகப் போக வால்யூம் ஏறும். லாரி போன பிறகு யாரும் குறைப்பதில்லை.

பெரியவர்களுக்கு 80 டெசிபல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரம் என்று உலக சுகாதார நிறுவனம் எல்லை வைத்திருக்கிறது. மூன்று டெசிபல் ஏறினால் நேரம் பாதியாகும்: 83-க்கு 20 மணி, 86-க்கு 10 மணி, 89-க்கு ஐந்தே மணி. பாய்லர் பக்கத்திலோ, நிலக்கரி அரைக்கும் ஆலையிலோ எட்டு மணி நேர ஷிப்ட் முடித்து வருகிறவர், அந்த வாரக் கணக்கைப் பெரும்பாலும் வேலையிலேயே செலவழித்துவிட்டிருப்பார். காதுக்கு இயந்திரச் சத்தம் வேறு, இளையராஜா வேறு என்று தெரியாது. அவருக்கு இரண்டு வாட் ஆம்பை விற்பது உதவியல்ல. பின்பக்கம் மூடிய பிளானர், அல்லது ஜன்னலைச் சாத்தி அமைதியான நேரத்தில் கேட்கும் பழக்கம், இவைதான் அவருக்கு உதவும். டான் கிளார்க் நிறுவனத்தின் ஏயான், ஆடிஸியின் எல்சிடி-2 க்ளோஸ்டு போன்ற மூடிய மாடல்கள் அதற்காகவே வந்தன. மூடியது கொஞ்சம் அதிகம் வேர்க்கும் என்பது உண்மை. ஆனாலும் குறைந்த வால்யூமில் முழுப் பாட்டும் கேட்கும்.

விற்பவர்கள் செய்ய வேண்டியது எளிது. பெட்டியின் மேல் மில்லிவாட்டுக்கு எத்தனை டெசிபல், எத்தனை ஓம், எத்தனை கிராம் என்ற மூன்றையும் ஒரே வரியில் அச்சடிக்கட்டும். ஆம்ப் பெட்டியில் "2 வாட்" என்று மட்டும் போடாமல், 32 ஓமுக்கு எவ்வளவு, 300 ஓமுக்கு எவ்வளவு என்று தனித்தனியாகப் போடட்டும். கடையில் இரண்டு நிமிடம் பாட்டுப் போட்டுக் காட்டி பில் போடுவதை விட்டுவிட்டு, ஒரு நாற்காலி கொடுத்து நாற்பது நிமிடம் மாட்டிப் பார்க்க விடட்டும். உச்சந்தலை வலி இருபது நிமிடத்துக்குப் பிறகுதான் தெரிய ஆரம்பிக்கும். இணையத்தில் விற்பவர்கள், தலைக்கு ஒத்துவரவில்லை என்பதையும் திருப்பித் தருவதற்கு ஒரு காரணமாக ஏற்க வேண்டும். வாங்குகிறவரோ, கையில் இருக்கும் டாங்கிளையும் ஃபோனையும் கடைக்கு எடுத்துப்போய் அதிலேயே முதலில் கேட்டுப் பார்க்கலாம். போதுமான சத்தம் வந்துவிட்டால், ஆம்புக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு ஜோடி துணிப் பேடும் ஒரு தோல் வாரும் வாங்கிவிடலாம்.