தைத்தவர் பெயர்

‘கந்தையானாலும் கசக்கிக் கட்டு’ என்பது தமிழ்ப் பழமொழி. அக்கந்தையையே கலைப்பொருளாக்கிக் காட்டியவர்கள் வங்கப் பெண்கள். உடுத்திப் பழையனவாகிவிட்ட புடவைகளையும் வேட்டிகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, புடவைக் கரையிலிருந்து உருவிய வண்ண நூலால் ஓட்டுத்தையல் இட்டுப் போர்வைகளையும் குழந்தைகளுக்கான விரிப்புகளையும் உருவாக்கினர். இக்கலைக்குக் ‘காந்தா’ என்று பெயர். தாமரை, மீன், யானை எனத் தாம் கண்டவற்றையும் நினைத்தவற்றையும் அவர்கள் துணியில் தைத்தனர். ஆயினும், பழைய காந்தாக்களுள் பெரும்பாலானவற்றைத் தைத்தவர் யார் என்பது இன்று தெரியவில்லை.

கொல்கத்தாவின் தென்மேற்கே ஜோகாவில் குருசதய் அருங்காட்சியகம் உள்ளது. ஆங்கிலேயர் ஆட்சிக்காலத்தில் உயர் அலுவலராகப் பணியாற்றிய குருசதய் தத் (1882–1941) ஊர் ஊராகச் சென்று திரட்டிய நாட்டுப்புறக் கலைப்பொருள்களுக்கு உரிய இடம் அது. அத்தொகுப்பில் 19ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த மானதாசுந்தரி தாசியின் காந்தா புகழ்பெற்றது. தம் தந்தைக்காகத் தம் கையால் தைத்தது என்பதை அவர் நூலாலேயே எழுதி வைத்தார். பெண்கள் எழுதப் படிக்கக் கற்பது அரிதாக இருந்த காலம் அது. அவ்வெழுத்துகள் இல்லையெனில், அவரும் பெயரற்றோருள் ஒருவராகவே மறைந்திருப்பார்.

“பொருள் அழகாக இருந்தால் போதாதா? செய்தவர் கதை எதற்கு?” எனச் சிலர் வினவலாம். அதற்கு விடை, கொல்கத்தாவை அடுத்த சோனார்பூரைச் சேர்ந்த பிரீதிகணா கோஸ்வாமியின் வாழ்வில் உள்ளது. இளமையிலேயே தந்தையை இழந்த அவர், தோழி ஒருவர் தைப்பதைக் கண்டு ஊசியைக் கையில் எடுத்தார். அத்தையல் குடும்பத்தைத் தாங்கியது. பின்னர்க் காந்தாக் கலையில் தேர்ந்து, பெண்கள் பலருக்குக் கட்டணமின்றிக் கற்பித்தார். 2023இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். தோழியின் கைவேலை அவருக்கு வழிகாட்டியது. அவருடைய வாழ்க்கை பிறருக்கு வழிகாட்டுகிறது. வடிவத்தைப் பார்த்துத் தையலைக் கற்கலாம். துன்பத்திலும் தளராத மனத்தைத் தைத்தவரின் வாழ்விலிருந்துதான் கற்க முடியும்.

எனவே, கடைகளில் விற்கும் ஒவ்வொரு கைத்தையற் பொருளிலும் தைத்தவரின் பெயரும் ஊரும் இடம்பெற வேண்டும். வாங்குவோரும் அவற்றைக் கேட்டறிய வேண்டும். ஆனால், ஒருவரின் வறுமையைச் சொல்லி இரக்கத்தைத் தூண்டி விற்பது முறையன்று. வாழ்க்கைக் கதை உழைப்புக்குரிய கூலிக்கு ஈடாகாது. ஒரு புடவையில் காந்தாத் தையல் நிறைவு பெற மாதக்கணக்கில் ஆவதுண்டு. அந்நாள்களுக்கேற்ற ஊதியமும் பெயரும் தைத்தவருக்கு ஒருங்கே கிடைக்க வேண்டும்.

இம்முயற்சியை மாணவர்கள் தம் வீட்டிலேயே தொடங்கலாம். பாட்டி தைத்த தலையணை உறையோ, அத்தை பின்னிய மேசைவிரிப்போ பெட்டியில் இருக்கக்கூடும். அதை எப்போது, யாருக்காகச் செய்தார்கள் எனக் கேட்டு, ஒரு தாளில் எழுதி அதனுடன் வைக்கலாம். மானதாசுந்தரி தம் பெயரைத் தாமே எழுதிக்கொண்டார்; எழுதாமல் விட்டவர்களின் பெயரை எழுதுவது நம் கடமையாகும்.